வடவள்ளி வீட்டுத் தரை: நாலு பேர் ரசனைக்கு டைல்ஸ் தேர்ந்த விவரம்

கோவை வடவள்ளியில் 1988-இல் கட்டிய வீடு. தரைத்தளம் மட்டும், சுமார் 1,120 சதுர அடி. கட்டியபோது போட்ட மொசைக் தரைதான் அதுவரை இருந்தது. 2024 தொடக்கத்தில் அந்த வீட்டார் என்னைக் கூப்பிட்டது குளியலறைக் குழாய்களை மாற்றத்தான். குழாயை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும், உடைத்தால் சுவர் டைல்ஸ் போகும், அப்படியே தரையையும் மாற்றிவிடலாமே என்று பேச்சு வளர்ந்து, வீடு முழுக்கத் தரை மாற்றும் வேலையாக வந்து நின்றது. பழைய வீட்டில் வேலை இப்படித்தான் நீளும்.

வீட்டில் ஐந்து பேர். பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி, கைத்தடியோடு நடப்பவர். அவர் மனைவி, மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி. பேத்தியைத் தவிர மற்ற நாலு பேருக்கும் தரை எப்படி இருக்க வேண்டும் என்பதில் தனித்தனி எண்ணம் இருந்தது. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் சிக்கல். வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் எனக்குப் பல வருட அனுபவம் உண்டு. ஆனாலும் இந்த வீட்டில் முதல் தவறு என்னுடையதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடையில் நடந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டைல்ஸ் கடைக்குப் போனோம். மகன் போனில் நிறையப் படங்கள் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளை நிறத்தில், சாம்பல் ரேகை ஓடும் மார்பிள் டிசைன், 2x4 அடி அளவு, கண்ணாடி போன்ற பளபளப்பு. கடையிலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து, மேலிருந்து விளக்கு அடித்து, பார்த்தவுடனே கண்ணைப் பறிக்கும்படி வைத்திருந்தார்கள். மருமகளுக்கும் பிடித்துவிட்டது. பெரியவர் "உங்க இஷ்டம்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் டைலைக் கையால் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தக் குரலில் உற்சாகம் இல்லை என்பது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் நிறுத்தவில்லை. ஹாலுக்கும் இரண்டு படுக்கையறைக்கும் அதையே என்று முடிவாகி, முன்பணமும் கட்டியாயிற்று.

சாம்பிளாக ஒரே ஒரு டைலைக் கேட்டு வாங்கி, ஹால் ஜன்னலுக்குக் கீழே தரையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் மாலை மகனே போன் செய்தார். "கொஞ்சம் வந்து பாருங்க, அது வேற டைல் மாதிரி இருக்கு."

டைல் மாறவில்லை, வெளிச்சம்தான் மாறியிருந்தது. அந்த ஹால் மேற்குப் பார்த்தது. மாலை நாலரைக்கு மேல் வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக நுழைந்து தரையில் நேராக விழும். பளபளப்பான டைலில் பட்டு அது நேரே சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் போனது. இரவில் இன்னொரு பிரச்சினை. கடையில் இருந்தது சுத்த வெள்ளை விளக்கு. இந்த வீட்டில் போட்டிருந்தது 3000 கெல்வின் மஞ்சள் எல்இடி. அந்த வெளிச்சத்தில் வெள்ளை டைல் பழுப்பேறிய மாதிரியும், சாம்பல் ரேகைகள் அழுக்குக் கோடு மாதிரியும் தெரிந்தன. கடையில் டைலை நிமிர்த்தி, கண் மட்டத்தில் பார்க்கிறோம். வீட்டில் அது காலடியில் படுத்துக் கிடக்கும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும். இரண்டும் ஒரே காட்சி அல்ல.

கடைக்காரர் பெருந்தன்மையாக ஆர்டரை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். பெட்டிகள் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தால் அதற்கும் வழி இருந்திருக்காது.

பிடித்த தரை எது?

இந்த முறை கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே உட்கார்ந்து பேசினோம். என்ன டைல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இதுவரை நீங்கள் இருந்த வீடுகளிலேயே எந்தத் தரை பிடித்தது, ஏன் பிடித்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

அம்மா பிறந்தது கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமம். அந்த வீட்டில் சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரை. "மத்தியானம் சோறு தின்னுட்டு வெறுந்தரையில படுத்தா உடம்பே குளுந்து போகும் கண்ணு. வெள்ளி செவ்வாய்ல மாக்கோலம் போட்டா செவப்பு மேல அப்படியே எடுப்பா நிக்கும். இதுல" என்று வெள்ளைச் சாம்பிளைக் காட்டி, "கோலம் போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். கடையில் அவர் குரலில் இருந்தது இதுதான்.

மருமகள் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர். அங்கே வெளிச்சமே குறைவு, ஆனால் கிரீம் நிற வெட்ரிஃபைடு (அதிகச் சூட்டில் இறுகச் சுட்ட டைல்) தரை இருந்ததால் அறை கொஞ்சம் பெரிதாகத் தெரியும் என்றார். அவருக்கு வேண்டியது வெளிச்சமான நிறம். பளபளப்பு அவசியம் என்று அவர் நினைக்கவே இல்லை. கூடவே, குளியலறையில் கறுப்பு டைல் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

மகனுக்கு வேண்டியது இணைப்புக் கோடுகள் குறைந்த, துடைக்கச் சுலபமான தரை. பெரியவர் கடைசியாகப் பேசினார். "எனக்கு நிறமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. கைத்தடி வழுக்கக் கூடாது. ரூமுக்கு ரூம் படி மாதிரி ஏறி எறங்கக் கூடாது."

நாலு பேர் சொன்னதையும் தாளில் எழுதிப் பார்த்தபோது, கடையில் தெரிந்த அளவுக்கு அவர்கள் மோதிக்கொள்ளவில்லை என்று புரிந்தது. பளபளப்பு என்ற ஒன்றைத் தூக்கிப் போட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. வெளிர் நிறம், பளபளப்பில்லாத மேட் பரப்பு, கண்ணை உறுத்தாத இணைப்பு, எங்காவது ஓரிடத்தில் சிவப்பு. இதற்குள் நாலு பேரும் அடங்கினார்கள்.

ஏழு நாள் சோதனை

மறுபடி கடைக்குப் போய் நாலு டைல்களை எடுத்து வந்தோம். தந்தநிற மேட், வெளிர் சாம்பல், மரப்பலகை டிசைன், அப்புறம் மொசைக் போலவே சிறு சிறு கல் துணுக்குப் புள்ளிகள் தெரியும் தந்தநிற மேட் ஒன்று. ஒற்றை டைல் தர மாட்டோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. அப்படியானால் ஒரு பெட்டியைக் காசு கொடுத்தே வாங்கிவிடலாம். தவறான தரைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

ஒரு வாரம் அவை ஹாலில் கிடந்தன. காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என்று மூன்று வேளையும் பார்க்கச் சொன்னேன். ஈரக்காலோடு நடந்து பார்த்தார்கள். பெரியவர் டைலை நனைத்து, அதன்மேல் கைத்தடியை ஊன்றிப் பார்த்தார். மஞ்சள் கரைத்து ஊற்றிக் காயவிட்டுத் துடைத்தோம். எண்ணெய் சொட்டினோம். நாற்காலியை இழுத்தோம். பேத்தி கிரேயானால் கிறுக்கியது யாரும் சொல்லாமலே நடந்த சோதனை.

சாம்பல் நிறம் மூன்றாம் நாளே வெளியேறியது. பகலில் அழகாக இருந்தாலும் மஞ்சள் விளக்கில் பச்சை கலந்த மாதிரி தெரிந்தது. மரப்பலகை டிசைனில் யாருக்கும் மனசு ஒட்டவில்லை. மிஞ்சிய இரண்டில் மொசைக் புள்ளி டைல் பக்கம் எல்லோருடைய காலும் தானாகப் போனது. முடியோ தூசியோ கிடந்தால் உடனே கண்ணில் படாதது மகனுக்குப் பிடித்தது. மருமகளுக்கு அதன் வெளிச்சம். அம்மா குனிந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இது நம்ம மொசைக்குத்தானே அம்மிணி? அப்புறம் எதுக்கு உள்ளதை உடைக்கிறோம்?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விதான் மொத்தத் திட்டத்தையும் மாற்றியது.

படுக்கையறைகளும் ஹாலும்

மொசைக் என்பது சிமெண்டில் பளிங்குத் துணுக்குகளைக் கலந்து பரப்பி, காய்ந்த பின் இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றுவது. நிறமும் துணுக்கும் மேற்பூச்சு இல்லை, அந்த அடுக்கு முழுக்க இருக்கின்றன. அதனால் மறுபடி மறுபடி தேய்த்துப் புதிதாக்கலாம். அச்சிட்ட டைலில் இது முடியாது, மேலே இருக்கும் மெல்லிய படலம் போனால் படமும் போய்விடும். இரண்டு படுக்கையறையிலும் ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்த்தேன். அடியில் வெற்றிடம் இருந்தால் கேட்கும் பொள்ளல் சத்தம் எங்கும் இல்லை, விரிசலும் இல்லை. அழுக்கேறி மங்கிப்போனதுதான் குறை. அங்கே டைல்ஸ் வேண்டாம், பாலிஷ் போதும் என்று முடிவெடுத்தோம். டைல்ஸ் வாங்கப் போன இடத்தில் டைல்ஸ் வேண்டாம் என்று சொல்வதும் தேர்வுதான். வீட்டிலேயே நல்ல தரை இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்க்காமல் கடைக்குப் போனதை இப்போது நினைத்தாலும் எனக்கு உறுத்துகிறது.

ஹால் அப்படி இல்லை. எப்போதோ குழாய்ப் பணிக்கு வெட்டி, வெறும் சிமெண்ட் பூசி மூடிய நீளத் தழும்பு ஒன்று குறுக்கே ஓடியது. ஒரு மூலை அரை அங்குலம் இறங்கியிருந்தது. முப்பத்தாறு வருடப் பழைய கலவையின் நிறத்தோடு புதிய ஒட்டு பொருந்தாது.

இங்கே இரண்டு வழி இருந்தது. பழைய தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி அதன்மேலேயே பசை போட்டு டைல் ஒட்டலாம். வேலை சீக்கிரம் முடியும், தூசி குறைவு. ஆனால் டைலும் பசையும் சேர்ந்து அரை அங்குலத்துக்குக் குறையாமல் மட்டம் ஏறும். படுக்கையறை வாசல்தோறும் ஒரு சிறு தடை உருவாகும். பெரியவரின் கைத்தடியை நினைத்தேன். கால் தட்டி விழ ஒரு பெரிய படி தேவையில்லை, கண்ணுக்குத் தெரியாத அரை அங்குலமே போதும். ஹால் மொசைக்கை முழுக்க உடைத்தெடுத்து, படுக்கையறை மட்டத்துக்கே புதுத் தரை கொண்டுவருவது என்று தீர்மானித்தோம். கூலியும் தூசியும் கூடின. மேஸ்திரிக்கே இதில் விருப்பமில்லை. ஆனால் இந்த வீட்டில் எடுத்த முடிவுகளில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று இதுதான்.

அளவில் மகன் 2x4 கேட்டார், இறுதியில் 2x2 போட்டோம். ஹால் 22க்கு 13 அடி, 286 சதுர அடி. 2x2 டைல் ஒரு பெட்டியில் நாலு வரும்; பெட்டிக்குச் சுமார் 15.5 சதுர அடி. வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 20 பெட்டி, பின்னாளில் பழுது பார்க்க ஒரு பெட்டி கூடுதலாக, ஆக 21. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பார்த்தோம். ஒரே டிசைன் என்றாலும் வேறு பேட்ச் என்றால் நிறம் ஒரு சாயல் மாறும். பதித்த பிறகு அது பளிச்சென்று தெரியும்.

மார்பிள் டிசைன் பிடித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டைலில் ரேகை அச்சிடப்படுவது. ஒரு டிசைனுக்கு இத்தனை படங்கள் என்று கணக்கு இருக்கும். அவைதான் திரும்பத் திரும்ப வரும். கடையில் ஒன்றிரண்டு டைல்தான் பார்க்கிறோம், அதனால் இது தெரியாது. ஹாலில் எழுபது எண்பது டைல் பரப்பும்போது ஒரே ரேகை நாலு இடத்தில் தலைகாட்டும். எத்தனை வேறு படங்கள் இருக்கின்றன என்று கடையிலேயே கேட்க வேண்டும். பதிக்கும் முன் காய்ந்த தரையில் பரப்பிப் பார்த்து மாற்றி அடுக்க வேண்டும். புள்ளி டிசைனில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பூஜையறைச் சிவப்பு

அம்மா கேட்ட சிவப்பு ஆக்சைடு தரையைப் பூஜையறையிலாவது போட முடியுமா என்று முதலில் விசாரித்தேன். அதைப் பதமாகத் தேய்த்து, விரிசல் விடாமல் எடுக்கும் கைப்பழக்கம் உள்ள ஆள் கிடைக்கவில்லை. பழகாத கையில் அது சில மாதத்தில் வெடித்துவிடும். அப்போதுதான் ஆத்தங்குடிக் கல் பேச்சு வந்தது.

சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் கையால் செய்யும் இந்தச் சிமெண்ட் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பை அச்சுக்குள் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து இறுகவிடுவார்கள். அந்தக் கண்ணாடிதான் கல்லின் வழவழப்புக்குக் காரணம். செட்டிநாட்டு வீடுகளில் காலம் காலமாக மிதிபட்டு மெருகேறியிருக்கும் தரை இதுதான். தொட்டால் குளிர்ச்சி. அம்மா சொன்ன கிராமத்துத் தரைக்கு மிக அருகில் வருவது இது என்று எனக்குத் தோன்றியது.

பூஜையறை 5க்கு 5 அடி. பத்து அங்குலக் கல் என்றால் வரிசைக்கு ஆறு, மொத்தம் 36. ஓரத்தில் சுற்றிலும் 20 கல் பூவேலைக் கரை, நடுவில் 16 கல் வெறும் சிவப்பு. கோலம் போட இடம் வேண்டும் என்பதால் நடுவில் டிசைனே வேண்டாம் என்று அம்மாவே சொன்னார். சொல்லிவைத்துச் செய்து வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இந்தக் கல் வெட்ரிஃபைடு டைலைப் போல இரண்டு மடங்கு தடிமன். ஹால் தரையை உடைத்திருந்ததால் கீழே படுகையைக் குறைத்து இரண்டையும் ஒரே மட்டத்தில் கொண்டுவர முடிந்தது.

ஒரு எச்சரிக்கையையும் அம்மாவிடம் சொன்னேன். இது சிமெண்ட். புளி, எலுமிச்சை, குளியலறை ஆசிட் பட்டால் அரித்து வெளுத்துவிடும். விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் எலுமிச்சை விளக்கு ஏற்றுவதும் அந்தத் தரையில் கூடாது. தட்டில் வைத்துச் செய்ய வேண்டும். "எண்ணெய் சிந்துனா?" என்று கேட்டார். எண்ணெய் நல்லது, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது அந்தக் கல்லுக்கு வழக்கமான பராமரிப்பே. அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

குளியலறையும் கறுப்பு ஆசையும்

வடவள்ளிப் பக்கம் குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் உண்டு. ஆனால் இந்த வீட்டில் குளிக்க வருவது போர் தண்ணீர், உப்பு அதிகம். மருமகளின் ஆசையை நான் வார்த்தையால் மறுக்கவில்லை. கறுப்புச் சாம்பிள் ஒன்றை அந்தக் குளியலறையிலேயே வைத்து, நாலு நாள் தண்ணீர் தெளித்துத் துடைக்காமல் காயவிடச் சொன்னேன். நாலாம் நாள் டைல் மேல் வெள்ளைத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. "தினமும் இதைத் தேய்ச்சுக்கிட்டு இருக்க முடியாதுங்க" என்று அவரே சொல்லிவிட்டார்.

இருந்தாலும் அந்த ஆசையை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தண்ணீர் தெறிக்காத, கண்ணாடி மாட்டும் சுவர் ஒன்று இருந்தது. அங்கே கரும்பச்சை நிறத்தில் சின்னச் செவ்வக டைல். மற்ற சுவர்களுக்கு மணல் நிறம். உப்பு படிந்தாலும் சட்டென்று தெரியாது. சுவருக்குச் சாதாரண செராமிக் போதும். அது எடையில் நூற்றுக்குப் பத்து பங்குக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும் வகை, தரைக்கு ஆகாது. வெட்ரிஃபைடு நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் உறிஞ்சாது.

தரைக்கு 1x1 மேட் டைல், வழுக்குத் தடுப்பு அளவு ஆர் 11. இந்த அளவு ஆர் 9-இல் தொடங்கி ஆர் 13 வரை போகும்; எண் கூடக்கூடப் பிடிமானம் கூடும், தேய்த்துக் கழுவுவதும் சிரமமாகும். சின்ன டைலை எடுத்ததற்குக் காரணம் வாட்டம். எட்டடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குல வாட்டம் கொடுத்தோம். பெரிய டைல் அந்தச் சரிவுக்கு வளைந்து கொடுக்காது, குறுக்கே வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய இடத்தில் தண்ணீர் தேங்கும்.

பதித்தபோது

மேஸ்திரி பழகிய முறை, சிமெண்ட் பால் ஊற்றிப் பதிப்பது. தண்ணீர் உறிஞ்சும் செராமிக்குக்கு அது சரி, ஊறவைத்துப் பதித்தால் பிடித்துக்கொள்ளும். வெட்ரிஃபைடு தண்ணீரே உறிஞ்சாததால் சிமெண்ட் பால் அதில் வேர் பிடிக்காது. பிறகு அங்கங்கே பொள்ளலாகி, கனமான பொருள் விழுந்தால் விரிசல் விடும். டைல் பசைதான் வேண்டும், பல் கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்துப் பூச வேண்டும் என்று நின்று செய்ய வைத்தேன். நாலு மூலையில் மட்டும் உருண்டை வைத்து ஒட்டுவதை எந்த வீட்டிலும் அனுமதிக்காதீர்கள்.

இணைப்புக்கு 3 மி.மீ. ஸ்பேசர். இடைவெளியே இல்லாமல் ஒட்டவைத்துப் பதித்தால் அழகு என்று மகன் நினைத்தார். டைல்கள் மயிரிழை அளவில் வித்தியாசப்படும். இடைவெளி இல்லாவிட்டால் அந்த வித்தியாசம் ஓரங்களில் ஏற்ற இறக்கமாகத் தெரியும், வெயிலில் விரியவும் இடமிருக்காது. டைல் நிறத்துக்கு நெருங்கிய கிரவுட் (இணைப்பை நிரப்பும் கலவை) போட்டால் கோடு கண்ணில் படாது என்று காட்டியதும் ஒப்புக்கொண்டார். சமையலறை மேடைச் சுவருக்கும் குளியலறைகளுக்கும் எபாக்சி என்னும் பிசினால் ஆன கிரவுட், மஞ்சளும் சோப்பும் அதில் ஏறாது. ஹாலில் சிமெண்ட் கிரவுட்.

ஒரு வருடம் கழித்து

சமீபத்தில் போய்ப் பார்த்தேன். ஹாலில் வாசலை ஒட்டிய மூன்று வரிசையில் மட்டும் கிரவுட் கறுத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் கால்கள் முதலில் மிதிப்பது அங்கேதான். அங்கேயும் எபாக்சி போட்டிருக்க வேண்டும், அல்லது ஒரு சாயல் அடர்ந்த நிறம் எடுத்திருக்க வேண்டும். அந்த வரிசைகளைச் சுரண்டி மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வாசல் படிக்கு வெளியே கோலத்துக்காக டைல் போடாமல் சொரசொரப்பான கருங்கல்லே விட்டிருந்தோம், வழுவழுப்பில் பொடி நிற்காது என்பதால். அது நன்றாக உழைக்கிறது. பூஜையறைச் சிவப்பு, பதித்த நாளில் இருந்ததைவிட ஒரு படி ஆழ்ந்த நிறமாகியிருக்கிறது. படுக்கையறை மொசைக்கில் மத்தியானம் பாய்கூட இல்லாமல் அம்மாவும் பேத்தியும் படுத்திருந்தார்கள். மிச்சமான அந்த ஒரு பெட்டி டைல் பரண்மேல் இருக்கிறது. அதன் பேட்ச் எண்ணைப் பெரியவர் பரண் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்.